தியானத்துக்கு எந்த ஊதுவத்தி?



சில வாரங்களுக்கு முன் இதே பகுதியில் ஒரு சகோதரி, "காலையில் கொஞ்ச நேரம் கண்ணை மூடி உட்காரப் பழகுகிறேன். அந்த நேரத்தில் என்ன ஊதுவத்தி ஏற்றினால் மனம் நிற்கும்?" என்று கேட்டிருந்தார். பதில் எழுதிய இரண்டு மூன்று பேரும் "சந்தனம் நல்லது", "மல்லிகை நல்லது" என்று ஒரே வரியில் முடித்துவிட்டார்கள். எனக்குக் கை பரபரத்தது. இரண்டு வருடத்துக்கு மேலாக இந்த விஷயத்தில் விதவிதமாக வாங்கி, கொளுத்தி, முகர்ந்து, வீட்டில் பேச்சும் வாங்கிக் கொண்டிருக்கிறவள் நான். ஒரு வரியில் முடிகிற சமாசாரம் இல்லை இது.

நான் பத்தாவது வரை படித்தவள். வீட்டுக்காரர் ஜவுளிக் கடையில் கணக்கு எழுதுகிறார். மாமியார், இரண்டு பிள்ளைகள், நாங்கள் இருவர். எழுந்தால் படுக்கும் வரை யாராவது ஒருவர் "அம்மா" என்றோ "ஏம்மா" என்றோ கூப்பிட்டுக் கொண்டே இருக்கும் வீடு. விடியற்காலை நாலரையிலிருந்து ஐந்து வரை மட்டும் என்னை யாரும் கூப்பிட மாட்டார்கள். அந்த அரை மணியைத்தான் தியானம் என்று வைத்திருக்கிறேன். பெரிய யோகம் எல்லாம் கிடையாது. எதிர்வீட்டு டீச்சரம்மா சொல்லிக் கொடுத்தபடி மூச்சைக் கவனித்துக் கொண்டு உட்காருவதுதான்.

அவர் சொல்லும்போதே, "ஒரே இடம், ஒரே நேரம், ஒரே வாசனை... இந்த மூணையும் மாத்தாதே. அப்புறம் வாசனை வந்தாலே மனசு தானா வந்து உக்காந்துக்கும்" என்றார். அது உண்மைதான். சமையலறையில் கடுகு தாளித்தால் தூங்குகிற பிள்ளைக்குப் பசி வருகிறதில்லையா, அந்த மாதிரி. மூக்கு வழியாகப் போவது நேரே ஞாபகத்தைத்தான் தட்டுகிறது. ஆனால் அந்த ஞாபகம் நல்லதாகவே இருக்க வேண்டும் என்று சட்டம் எதுவும் இல்லையே. எனக்கு வந்த கஷ்டம் அங்கேதான்.

என் அம்மா 2022 ஆடியில் தவறிப் போனார்கள். கூடத்தில் படுக்க வைத்து, தலைமாட்டில் விளக்கேற்றி, மரக்காலில் நெல்லை நிரப்பி அதில் ஊதுவத்தியைக் கொத்துக் கொத்தாகச் செருகியிருந்தார்கள். வருகிறவர்கள் எல்லாம் மாலையோடு ஒரு பாக்கெட் வத்தியும் வாங்கி வந்து ஏற்றினார்கள். எல்லாம் பெட்டிக்கடையில் கிடைக்கிற பத்து ரூபாய் வத்தி. ரோஜா மாதிரியும் இல்லாமல், சோப்பு மாதிரியும் இல்லாமல் தொண்டையை அடைக்கிற ஒரு வாசனை. ராத்திரி முழுக்க அந்தப் புகையில் உட்கார்ந்திருந்தேன். அதன்பிறகு அந்த வாசனை எங்கே வந்தாலும் எனக்கு அந்தக் கூடம்தான். எங்கள் வீட்டு சாமி மாடத்திலும் அதே வத்திதான் அதுவரை ஏற்றிக் கொண்டிருந்தோம். காரியம் முடிந்து வந்து முதல் நாள் விளக்கேற்றும்போது அதைக் கொளுத்தினேன், கை நடுங்கி அணைத்துவிட்டேன். தூக்கம் போய், டீச்சரம்மாவிடம் போய் நின்றது அதற்குப் பிறகுதான்.

ஆகையால் கடையில் போய் நின்று "எது நல்ல வாசனை?" என்று நான் கேட்கவில்லை. "எந்த ஞாபகமும் இல்லாத வாசனை ஏதாவது இருக்கா?" என்பதுதான் என் தேடல். கடைக்காரர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். பார்த்துவிட்டுப் போகட்டும்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். பாக்கெட்டை மூக்கில் வைத்து முகர்ந்து வத்தி வாங்காதீர்கள். கொளுத்தாத வத்தியின் வாசனை வேறு, எரிகிற வத்தியின் வாசனை வேறு. பாக்கெட்டில் மல்லிகைப் பந்தல் மாதிரி மணக்கும். கொளுத்தினால் முதல் நிமிஷம் மல்லிகை, இரண்டாவது நிமிஷம் கரி, மூன்றாவது நிமிஷம் கண் எரிச்சல். இருப்பதிலேயே சின்ன பாக்கெட்டாக வாங்கி, திண்ணையிலோ வாசலிலோ ஒன்றை ஏற்றி வைத்து, உள்ளே போய்ப் பத்து நிமிஷம் கழித்து வந்து முகர்ந்து பாருங்கள். அப்போது எது மிச்சம் இருக்கிறதோ அதுதான் அந்த வத்தியின் குணம்.

ஏன் இப்படி என்று எனக்கு விளங்கியது 2023 தசராவுக்கு மைசூரில் இருக்கும் நாத்தனார் வீட்டுக்குப் போனபோதுதான். ஊதுவத்தி என்றாலே மைசூர், பெங்களூர் என்று சொல்கிறோம் அல்லவா? மைசூர் ஊதுவத்திக்குப் புவிசார் குறியீடே இருக்கிறது. நாத்தனார் வீட்டுக்குப் பின் தெருவில் நாலைந்து வீடுகளில் பெண்கள் வத்தி உருட்டுகிறார்கள். நானும் போய் ஒரு மத்தியானம் முழுக்க உட்கார்ந்து பார்த்தேன்.

கரித்தூள், மரத்தூள், ஜிகட் என்கிற ஒரு மரப்பட்டைப் பொடி. இந்த மூன்றும்தான் அடிப்படை. ஜிகட் தண்ணீர் பட்டதும் கொழகொழ என்று ஆகிவிடும், அதுதான் பசை. சப்பாத்தி மாவு மாதிரி பிசைந்து வைத்துக்கொண்டு, தாழ்ந்த மணைப் பலகையில் மூங்கில் குச்சியை வைத்து உள்ளங்கையால் ஒரு தேய்ப்பு தேய்த்தால் ஒரு வத்தி. நான் எண்ணிப் பார்க்க முயன்றேன், கண் தொடர முடியவில்லை, அவ்வளவு வேகம். ஆயிரம் வத்திக்கு இவ்வளவு என்று கூலி. அந்தம்மா விரல் ரேகை எல்லாம் கரி ஏறிப் போயிருந்தது. "கழுவினா போகாதா?" என்று ஜாடையில் கேட்டேன். சிரித்துவிட்டு, அதே கையால் எனக்கு ஒரு டம்ளர் மோர் கொண்டுவந்து கொடுத்தார்.

இப்படி உருட்டிக் காய வைத்த வத்திக்கு வாசனையே கிடையாது. அதைக் கட்டுக் கட்டாகக் கம்பெனிக்காரர்கள் வாங்கிப் போய் செண்ட்டில் முக்கி எடுக்கிறார்கள். நாத்தனார் வீட்டுக்காரர் செண்ட் வியாபாரம் நடக்கிற கடையில் வேலை பார்ப்பதால் விவரம் சொன்னார். செண்ட்டை அப்படியே ஊற்றினால் கட்டுபடி ஆகாதாம். டை எத்தில் தாலேட் என்று வாசனையே இல்லாத எண்ணெய் மாதிரி ஒரு திரவம் இருக்கிறதாம், அதில் செண்ட்டைக் கலந்து நீட்டி முக்குவார்களாம். விலை மலிவான வத்தியில் செண்ட்டைவிட அதுதான் நிறைய. அதுவும் சேர்ந்துதானே எரிகிறது? கண்ணும் தொண்டையும் சும்மா இருக்குமா!

மசாலா வத்தி என்பது வேறு. அதில் முக்குகிற வேலை இல்லை. சந்தனத்தூள், வெட்டிவேர்த்தூள், பிசின் என்று வாசனைப் பொருள்களையே மாவோடு பிசைந்து கையால் உருட்டுகிறார்கள். மட்டிப்பால் என்று ஒரு மரத்துப் பாலைச் சேர்க்கிற பழைய முறையும் உண்டு. அந்த வத்தி கொஞ்சம் ஈரப்பதமாக, தொட்டால் பிசுபிசுப்பாக இருக்கும். பார்த்தே கண்டுபிடிக்கலாம். கன்னங்கரேல் என்று வழவழப்பாக இருந்தால் பெரும்பாலும் கரி வத்தி. பழுப்பாக, மேலே பொடி தூவினாற்போல் சொரசொரப்பாக இருந்தால் மசாலா வத்தி. அதிலும் செண்ட் கொஞ்சம் சேர்க்கிறவர்கள் இருக்கிறார்கள், இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனாலும் எரிகிறபோது வித்தியாசம் தெரியும். கரி வத்தியின் வாசனை மூக்கின் மேல் வந்து மோதும். மசாலா வத்தி தானாக வராது, நாம் தேடிப் போக வேண்டும். தியானத்துக்கு எனக்கு இரண்டாவதுதான் ஒத்துக்கொண்டது.

சந்தனத்தைப் பற்றி ஒரு வார்த்தை. பத்து ரூபாய்க்கு சந்தன வத்தி என்று கொடுத்தால் அதில் சந்தனத்தின் படம் மட்டும்தான் இருக்கும் என்று வைத்துக்கொள்ளுங்கள். சந்தன எண்ணெய் கிலோ லட்சக் கணக்கில் விற்கிறது. அதைப் பத்து ரூபாய் பாக்கெட்டில் எவன் ஊற்றுவான்? சந்தன மணம்தான் வேண்டும் என்றால் நான் சொல்கிற வழி, சந்தனக் கட்டை ஒரு துண்டு வைத்திருப்பவர்கள் கல்லில் நாலு சுற்று உரசி, ஒரு கிண்ணத்தில் வழித்துப் பக்கத்தில் வைத்துக்கொண்டு உட்காரலாம். புகையும் இல்லை, பொய்யும் இல்லை. என் அம்மா வீட்டுச் சந்தனக்கட்டை இப்போது என்னிடம்தான் இருக்கிறது. விரல் நீளம்கூட இல்லை, ஆனாலும் உரசினால் மணக்கிறது.

இனி சாம்பிராணிக்கு வருகிறேன். எங்கள் வீட்டில் சண்டை நடந்தது இதற்காகத்தான்.

என் மாமியாருக்கு வயது அறுபத்தெட்டு. இளைப்பு உண்டு. ஐப்பசி, கார்த்திகை வந்தால் ராத்திரி உட்கார்ந்தேதான் தூங்குவார். ஆனால் வெள்ளிக்கிழமை சாயங்காலம் தணலில் சாம்பிராணி போட்டு, கூடம், அறை, அரிசிப் பானை, மாட்டுக் கொட்டகை இருந்த இடம் வரை காட்டாவிட்டால் அவருக்கு வெள்ளிக்கிழமையே ஆகாது. கல்யாணமாகி வந்த நாளிலிருந்து நாற்பது வருடத்துக்கு மேல் நிறுத்தாமல் செய்து வருகிறார். போன வருஷம் மழைக்காலத்தில் ஒரு வெள்ளிக்கிழமை, சாம்பிராணிப் புகை கூடத்தில் நிற்கிறது, ஜன்னல் எல்லாம் சாத்தியிருக்கிறது, இவருக்கு மூச்சு இழுத்துவிட்டது. ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்கு ஓடி, முகத்தில் குழாய் வைத்து மருந்துப் புகை கொடுத்த பிறகுதான் உதடு நிறம் மாறியது.

டாக்டர் என்னைப் பார்த்து, "வீட்ல சாம்பிராணி, ஊதுவத்தி, கொசுவத்தி உண்டாம்மா?" என்றார். மூன்றும் உண்டு என்றேன். "எந்தச் சாமிக்குப் போட்டாலும் புகை புகைதாம்மா. நுரையீரலுக்கு அந்த வித்தியாசம் தெரியாது" என்றார். புகையில் கண்ணுக்குத் தெரியாத மிக நுண்ணிய தூசு இருக்கிறதாம். மூக்கில் நிற்காமல் நுரையீரலின் அடிவரை போய்விடுமாம். எரிவது எதுவானாலும், அது வாசனையாக இருந்தாலும், அந்தத் தூசு வரும் என்றார். பிறகு ஒரு பத்திரிகையில் படித்தேன். சிங்கப்பூரில் வாழும் சீனர்கள் 61,000 பேருக்கு மேல் பல வருடம் கவனித்து, 2008ல் ஓர் ஆராய்ச்சி வெளியானதாம். நீண்ட காலம் வீட்டில் தொடர்ந்து வத்தி ஏற்றுகிறவர்களுக்கு மூக்கு, வாய், தொண்டைப் பகுதிகளில் வரும் சில வகைப் புற்றுநோய் மற்றவர்களைவிட அதிகம் இருந்ததாம். பயமுறுத்த இதை எழுதவில்லை. வெள்ளிக்கிழமைக்கு வெள்ளிக்கிழமை போடுவதும், நாள் தவறாமல் பல வருடம் புகைக்குள்ளேயே இருப்பதும் ஒன்றாகாது. ஆனால் தியானம் என்று தினமும் அரை மணி, அறையைச் சாத்திக்கொண்டு, மூச்சை ஆழமாக இழுத்து இழுத்து உட்காருகிறோமே... அது எதில் சேர்த்தி என்று நீங்களே யோசித்துக் கொள்ளுங்கள். கடையில் "புகை இல்லாதது", "இயற்கையானது" என்று அட்டையில் போட்டு விற்பதையும் நம்பிவிடாதீர்கள். இயற்கைப் பொருள் எரிந்தாலும் புகைதான். விறகு இயற்கை இல்லையா? அடுப்படியில் விறகுப் புகை குடித்த நம் பாட்டிமார்களைக் கேட்டால் தெரியும்.

வீட்டுக்கு வந்து மாமியாரிடம் சொன்னேன். "டாக்டருக்கு என்ன தெரியும்? புகை இல்லாத வீடு என்ன வீடு? நான் போனப்புறம் நீ நிறுத்திக்க" என்றுவிட்டார். இவரும், "அம்மா மனசு நோகாம பாத்துக்க" என்று சொல்லிவிட்டுக் கடைக்குப் போய்விட்டார். ஆண்கள் எப்போதும் அப்படித்தான், முடிச்சை நம் கையில் கொடுத்துவிட்டுச் செருப்பு மாட்டிக் கொள்வார்கள்.

எங்கள் ஊர் மயிலாடுதுறை. பக்கத்திலேயே திருக்கடையூர். குங்கிலியக் கலய நாயனார் வாழ்ந்த ஊர் அது. கதை பலருக்குத் தெரிந்திருக்கும். வீட்டில் பிள்ளைகள் பட்டினி. மனைவி தன் தாலியைக் கழற்றிக் கொடுத்து நெல் வாங்கி வரச் சொல்கிறார். வழியில் ஒருவன் குங்கிலிய மூட்டையோடு வருகிறான். கலயர் தாலிப் பொன்னைக் கொடுத்து அதை வாங்கிக் கோயிலில் சேர்த்துவிட்டு, சாமிக்குப் புகை போட்டுக்கொண்டு அங்கேயே இருந்துவிடுகிறார். கடைசியில் சிவன் அருளால் வீடு நிறையப் பொன்னும் நெல்லும் வந்துவிட்டது, சந்தோஷம். ஆனால் சகோதரிகளே, கலயர் பெயர் ஊருக்கே தெரியும். பசித்த பிள்ளைகளைப் படுக்க வைத்துவிட்டு வாசலைப் பார்த்துக் கொண்டிருந்த அந்த அம்மாவின் பெயரைக் கதை சொல்கிறவர்கள் யாரும் சொல்வதில்லை. இந்தக் கதையைத்தான் மாமியார் எனக்குச் சொல்லி, "குங்கிலியத்துக்காகத் தாலியையே கொடுத்த ஊருடி இது" என்றார். "அதுக்கு மூச்சையும் கொடுக்கணுமா அத்தை?" என்றேன். அன்றைக்கு என்னோடு பேசவில்லை.

நான் சாம்பிராணியை நிறுத்தச் சொல்லவில்லை. இடத்தை மாற்றச் சொன்னேன். பின்னால் கிணற்றடியில் திறந்த வெளியில் தணல் வைத்து, அங்கே போடுவது. அவர் நிலைப்படியில் நாற்காலி போட்டு உட்கார்ந்து பார்ப்பது. காற்று எந்தப் பக்கம் என்று பார்த்துக்கொள்வது என் வேலை. முதல் வாரம் "இது கொசுவுக்குப் போடற புகை" என்றார். இரண்டாம் வாரம், கூடத்தில் பித்தளைச் சொம்பில் தண்ணீர் ஊற்றி மரிக்கொழுந்து ஒரு கட்டும், நனைத்த வெட்டிவேர் ஒரு பிடியும் வைத்தேன். ஜன்னல் காற்று அதன் மேல் பட்டு உள்ளே வந்தது. ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் சாயங்காலம் அந்தச் சொம்புக்குப் பக்கத்தில் பாயைப் போட்டுக்கொண்டதைப் பார்த்தேன். இன்றைக்கும் வருகிறவர்களிடம், "எங்க வீட்ல மருமக சாமிக்குப் புகை காட்ட விட மாட்டா" என்றுதான் சொல்கிறார். சொல்லட்டும். இந்தக் கார்த்திகையில் ஒரே ஒரு ராத்திரிதான் உட்கார்ந்து தூங்கினார்.

சாம்பிராணி வாங்குகிறவர்களுக்காக இன்னும் கொஞ்சம். சாம்பிராணி நம் நாட்டு மரத்தின் பிசின் இல்லை, சுமத்ராவிலிருந்து காலம் காலமாகக் கப்பலில் வந்த சரக்கு. குங்கிலியத்தில் கருங்குங்கிலியம் என்பது நம் மேற்குத் தொடர்ச்சி மலை மரத்துப் பிசின். குக்குலு என்று கேட்டு வாங்குகிறார்களே, அது ராஜஸ்தான், குஜராத் பக்கத்து வறண்ட காட்டுச் செடி. கீறிக் கீறிப் பால் எடுத்து அந்த இனமே அருகிக்கொண்டு வருகிறதாம். அதனால் அதை நான் வாங்குவதில்லை. கட்டிச் சாம்பிராணியாக வாங்கி நாமே பொடித்துக்கொள்வது உத்தமம், தூளாக வாங்கினால் அதில் எது எவ்வளவு என்று கடவுளுக்குத்தான் தெரியும். கம்ப்யூட்டர் சாம்பிராணி, கப் சாம்பிராணி என்பவை பெரும்பாலும் கரித்தூளும் மரத்தூளும் வாசனையும் சேர்த்து அச்சில் அழுத்தியவை. (கம்ப்யூட்டருக்கும் அதற்கும் என்ன சம்பந்தம் என்று என் பையன் கேட்கிறான். எனக்கும் அந்தச் சந்தேகம் உண்டு.) பற்ற வைத்த முதல் ஐந்து நிமிஷம் அதிலிருந்து வருகிற புகையைத் தியான அறையில் வைத்துக்கொண்டு யாரும் உட்கார முடியாது. வாசலுக்கு, கடைக்கு, கல்யாண மண்டபத்துக்குச் சரி. கொசுவை விரட்டும் ஊதுவத்தி என்று விற்பதைத் தியானத்துக்கு ஏற்றவே வேண்டாம். பூச்சியைக் கொல்கிற மருந்தின் பக்கத்தில் மூச்சுப் பயிற்சி எதற்கு?

சரி, நான் என்னதான் ஏற்றுகிறேன் என்று கேட்பீர்கள். வெட்டிவேர் மசாலா வத்தி. எனக்கு அதில் பழைய ஞாபகம் எதுவும் இல்லை. மண்பானைத் தண்ணீர் மாதிரி ஒரு மணம், அவ்வளவுதான். கம்பெனிப் பெயர் சொல்ல மாட்டேன், உங்கள் மூக்குக்கு எது ஒத்துக்கொள்ளுமோ அதைத்தான் நீங்கள் தேட வேண்டும். சிலருக்கு மல்லிகை என்றால் கல்யாண மண்டபம், சிலருக்கு ஆஸ்பத்திரிக்குப் பூ வாங்கிப்போன நாள். டீச்சரம்மாவுக்கு சந்தனம் இல்லாமல் ஆகாது. எனக்கோ தாழம்பூ என்றால் தலைவலி. பழ வாசனை, சாக்லேட் வாசனை என்று இப்போது என்னென்னவோ வருகிறது. அதை ஏற்றிவிட்டு உட்கார்ந்தால் மனது சமையலறைக்குத்தான் போகும், தியானத்துக்கு வராது.

ஏற்றுகிற விதத்தையும் சொல்கிறேன். எங்கள் வீட்டில் எட்டுக்குப் பத்து அளவில் ஓர் அறைதான் எனக்குக் கிடைக்கும், ஒரே ஜன்னல். நாலேகாலுக்கு ஜன்னலைத் திறந்து, அதன் ஓரத்தில் மணல் போட்ட கிண்ணத்தில் பாதி வத்தி மட்டும் ஏற்றி வைப்பேன். முழு வத்தி அந்த அறைக்கு அதிகம். வாயால் ஊதி அணைக்காமல் கையை வீசித் தீயை அணைத்தால் நெருப்புத் துணுக்கு சிதறாது. பிறகு வாசல் தெளிக்கப் போய்விடுவேன். கோலம் போட்டுவிட்டு வந்து பார்த்தால் பத்துப் பதினைந்து நிமிஷம் ஆகியிருக்கும். மிச்ச நெருப்பை மணலில் அழுத்தி அணைத்துவிட்டு, அதற்கப்புறம்தான் உட்காருவேன். புகை ஜன்னல் வழியாகப் போயிருக்கும், வாசனை மட்டும் சுவரிலும் பாயிலும் நிற்கும். எனக்கு அது போதும். புகை சுருள் சுருளாகப் போவதைப் பார்த்துக்கொண்டு உட்காருவதுதான் தியானம் என்று சிலர் நினைக்கிறார்கள். கண்ணை மூடிய பிறகு புகை எதற்கு, சொல்லுங்கள்?

ஜப்பானில் ஜென் துறவிகள் கடிகாரத்துக்குப் பதில் வத்தியை வைத்து அளப்பார்களாம், ஒரு வத்தி எரிந்து முடிகிற வரை ஓர் உட்கார்வு. நம் வீட்டிலும் அளந்து பார்க்கலாம். நான் வாங்குகிற வத்தி முழுதாக எரிய நாற்பது நிமிஷத்துக்குப் பக்கத்தில் ஆகிறது. கைக்குழந்தை, இளைப்பு உள்ளவர்கள், கர்ப்பிணிகள் இருக்கிற வீட்டில் அந்தக் கணக்கெல்லாம் வேண்டாம். சொம்புத் தண்ணீரில் மரிக்கொழுந்து போதும். பூக்காரம்மாவிடம் சொல்லி வைத்தால் ஒரு கட்டு கொண்டுவந்து கொடுப்பார். தண்ணீரைத் தினமும் மாற்றினால் மூன்று நாள் தாங்கும். வெட்டிவேரை நாட்டு மருந்துக் கடையில் வாங்கி, நனைத்து, உலர்த்தி, மறுபடி நனைத்து என்று மாதக்கணக்கில் வைத்துக்கொள்ளலாம். கணக்குப் பார்த்தால் வத்தியைவிட இதுவே சிக்கனம்.

இன்னொன்று, வத்தி பாக்கெட்டை மளிகைச் சாமான் அலமாரியில் வைக்காதீர்கள். அரிசி, பருப்பு, காப்பித்தூள் எல்லாம் அந்த வாசனையை இழுத்துக்கொள்ளும். என் ஓரகத்தி வீட்டில் ஒரு மாதம் முழுக்க ரவா உப்புமா பன்னீர் மணத்தோடு இருந்தது, பாவம். பழைய பிஸ்கட் தகர டப்பாவில் தனியாக வைத்து மூடிவிடுங்கள். ஐப்பசி மழையில் நமுத்துப் போனால் வெயிலில் காய வைக்காமல் நிழலில் பரப்புங்கள், வெயில் பட்டால் வாசனை எல்லாம் ஆவியாகிவிடும். கடையில் வாங்கும்போது குச்சியையும் பாருங்கள், வளைந்து நெளிந்து இருந்தால் எரிகிறபோது சாம்பல் கிண்ணத்துக்கு வெளியில் விழும். குச்சியும் சாதாரண விஷயம் இல்லை. சீனா, வியட்நாமிலிருந்து நிறைய வந்துகொண்டிருந்ததால், 2019ல் ஊதுவத்தி இறக்குமதிக்கே கட்டுப்பாடு வந்தது. 2020ல் மூங்கில் குச்சிக்கு வரி 10 சதவீதத்திலிருந்து 25 சதவீதம் ஆனது. அந்தக் கரிவிரல் அம்மாவுக்கு அதனால் கூலி ஏறியதா என்று கேட்டேன். "இயந்திரம் வந்துட்டுது" என்று மட்டும் நாத்தனார் மொழிபெயர்த்துச் சொன்னாள். கரி வத்தியை மிஷின் உருட்டுகிறது. ஒட்டிக்கொள்கிற மசாலா மாவுக்குத்தான் இன்னும் கை வேண்டியிருக்கிறதாம். மசாலா வத்திக்கு நான் கொஞ்சம் கூடவே காசு கொடுப்பதற்கு அதுவும் ஒரு காரணம்.

கடைசியாக உங்களிடம் ஓர் உதவி. தசாங்கம் என்று பத்து வாசனைப் பொருள்கள் சேர்த்து இடிக்கிற பொடி கடையில் கிடைக்கிறது. கூம்பு மாதிரி அச்சில் வைத்துத் தட்டி ஏற்றுவார்கள். அந்தப் பத்தும் கடைக்குக் கடை மாறுகிறது. சந்தனம், அகில், வெட்டிவேர், குங்கிலியம், ஏலம், கிராம்பு, ஜாதிக்காய், பச்சைக் கற்பூரம் என்று ஒருவர் சொல்கிறார், இன்னொருவர் வேறு கணக்குச் சொல்கிறார். வீட்டிலேயே இடித்து வைத்துக்கொண்ட பாட்டியோ அத்தையோ உங்களில் யார் வீட்டிலாவது இருந்தால், எது எத்தனை பலம் என்று கேட்டு இந்தப் பகுதிக்கு எழுதுங்களேன். என் மாமியார் கேட்கச் சொன்னார். கிணற்றடியில் ஏற்றத்தான்.

- ஒரு வாசகி, மயிலாடுதுறை